தொண்டை கட்டிய வாத்தியார்

போன வாரம் வில்லியனூரில் மகள் வீட்டில் இருந்தேன். பேத்திக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

ஸ்கூல் விட்டு வந்த பிள்ளையிடம் என் மகள் சொன்னாள்: "ஷூவைக் கயட்டி ஓரமா வச்சிட்டு, டிபன் பாக்ஸை சிங்க்ல போட்டுட்டு, கை கழுவிகினு வந்து ஒக்காரு."

பேத்தி நேராக வந்து ஷூவோடு உட்கார்ந்தாள்.

"பாத்தியாம்மா? காதுலயே வாங்க மாட்டேங்கறா."

வாங்கினாள்... கடைசிச் சொல்லை மட்டும். கேட்டதைச் செய்து முடிக்கும்வரை பிடித்து வைத்திருக்க மூளையில் ஒரு இடம் உண்டாம். 'வொர்க்கிங் மெமரி' என்கிறார் ஸ்பீச் தெரபிஸ்ட். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு — எல்லோருக்கும் இல்லை — அங்கே இடம் கொஞ்சம்தான். தனித்தனியாகச் சொன்னால் புரியும். சேர்த்துச் சொன்னால் முன்னால் வந்தது நழுவிவிடும்.

அவர் விளக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இதை நான் எட்டு வயதில் பாகூரிலேயே பார்த்துவிட்டேனே!

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிவிட்டது, ஒப்பந்தத்தில் கையெழுத்துதான் பாக்கி என்று பெரியவர்கள் பேசிக்கொண்ட வருஷங்கள் அவை. எந்த பாஷை நிலைக்கும்? யாருக்குத் தெரியும்? எங்கள் பெரிய வாத்தியார் ரிஸ்க் எடுக்க மாட்டார். எதையும் முதலில் பிரெஞ்சில் சொல்வார், அப்புறம் தமிழில். நாங்கள் விழித்தால் இரண்டையும் மறுபடி. உட்காரச் சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்குக் கால் கடுத்துவிடும்.

என் தங்கை தனத்தைச் சேர்க்க அம்மா அவரிடம் கூட்டிப்போனாள். தனம் அதிகம் பேச மாட்டாள், முகம் பார்க்க மாட்டாள். ஆட்டிசம் என்ற சொல்லே அன்று எங்களுக்குத் தெரியாது. கதவைச் சாத்தி, சிலேட்டை எடுத்து வந்து, மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார் என்று இரண்டு பாஷையிலும் வாத்தியார் ஒரே மூச்சில் சொன்னார். தனம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். அவர் இன்னும் விளக்கினார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"புத்தி வரட்டும்மா, அப்பறம் பாக்கலாம்."

"நாங்கல்லாம் நடவுக்குப் போனா இவ ஏரிக்குப் போயிடறா, வாத்தியாரய்யா. நீங்க சேத்துக்கலைன்னா தூண்ல கட்டிப்போட்டுட்டுத்தான் நான் போவணும்" என்று அம்மா அழுதாள்.

சும்மா மிரட்டவில்லை. கயிறு வாங்கியாகிவிட்டது.

நடவு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனாள். வாத்தியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு சொல் பேசினாலே மூச்சு வாங்கியது. அம்மாவைத் திருப்பி அனுப்பவாவது நாலு வார்த்தை பேச வேண்டுமே? அதற்குப் பதில் பழைய சோதனையையே வைத்து முடித்துவிடலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"கதவு... சாத்து."

தனம் போய்ச் சாத்தினாள். அவர் இருமி முடித்தார்.

"சிலேட்டு... எடு."

எடுத்தாள்.

"மேஜை மேல... வை."

வைத்தாள். வாத்தியார் அம்மாவைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள். அன்றே சேர்த்துக்கொண்டார். சந்தோஷத்தில் நான் வீடுவரை ஓடினேன்.

பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் பத்து வார்த்தை சேர்க்கிறோம். ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது. குறைத்துப் பேசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சொல்வது சுலபம், எனக்கே வராது.

வாத்தியாருக்கும் வரவில்லை. ஒரு வாரத்தில் குரல் திரும்பியது. காலையில் வழக்கம்போல பிரெஞ்சில் ஆரம்பித்தார். தனம் எழுந்து போனாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவர் வாயைக் கையால் பொத்தினாள்.

போச்சு, துரத்திவிடுவார், நாளையிலிருந்து தூண்தான் என்று நான் அழவே ஆரம்பித்துவிட்டேன்.

வாத்தியார் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார். தமிழில் மட்டும் சொன்னார்.

"தனம்... ஒக்காரு."

உட்கார்ந்தாள்.

பாகூரை விட்டு பிரெஞ்சு எப்போது போனது என்று ஆளுக்கொரு தேதி சொல்வார்கள்... என்னைக் கேட்டால், அந்தக் காலைதான்.