மிராசுதார் ஏறிய தராசு

போன வாரம் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்.

அந்தக் காலத்து நையாண்டிப் படங்களை இன்றைய ரசிகர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டு, நானே 'மாட்டார்கள்' என்று பதிலும் சொல்லியிருந்தேன். அன்றைய ஜனங்களுக்குப் பெரிய மனசு, யாரைக் கிண்டல் செய்தாலும் சேர்ந்து சிரித்தார்கள், இன்றைக்கு எல்லோரும் தொட்டாற்சுருங்கிகள்... இப்படியே ஒரு பக்கம். பாராட்டி நாலைந்து கார்டுகள்கூட வந்தன.

புதன்கிழமை காலை வாசலில் கலியமூர்த்தி நின்றார். கையில் சுருட்டிய பத்திரிகை.

"நீங்க எழுதினது தப்பு சார்."

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காபி வேண்டாம் என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் காபியை ஒருவர் வேண்டாம் என்றால் விஷயம் பெரிது.

"எல்லாரும் சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்களே, யாரு சிரிச்சா? நான் ஒருத்தன் சிரிச்சேன். அதுக்கு என்ன கெடைச்சுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஊருக்கே தெரியும். தெரியாத உங்களுக்காகச் சொல்கிறேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முப்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. அது நின்ற மனை, சுற்றியிருந்த வயல், பாதி ஊர் எல்லாம் ஒரே மிராசுதாருடையது. அவர் பண்ணையில் கூலிக்கு இருந்தவர் கலியமூர்த்தி. அப்போது இருபது வயது.

மிராசுதார்களைக் கிண்டல் செய்து வந்த ஒரு காமெடிப் படம் இங்கே திரையிடப்பட்டது. முதல் நாளே கலியமூர்த்தி தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தார். அதில், மிராசுதார் கோயிலில் துலாபாரத் தராசில் ஏறி மாட்டிக்கொள்கிற ஒரு சீன் இருந்ததாம். இவரால் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். நாற்காலி வகுப்பில் பண்ணைக் காரியக்காரர் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தார். மறுநாள் கலியமூர்த்திக்கு வேலை இல்லை. அந்த அறுவடை முழுக்க நீடாமங்கலம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினார்.

அவர் சிரித்ததையும் வேலை போனதையும் யாரும் மறுக்கவில்லை. தகராறு எங்கே என்றால்... அப்படி ஒரு சீனே அந்தப் படத்தில் கிடையாது.

நான் அந்தப் படத்தைப் பதினொரு முறை பார்த்தவன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் டாக்கீஸில் போட்டுவிடுவார்கள். மிராசுதார் மேளதாளத்தோடு கோயிலுக்குள் போவார். அடுத்த காட்சியில் கட்டிலில் படுத்து முனகுவார். குளத்துப் படியில் வழுக்கி விழுந்திருப்பார் என்பது ஊரின் ஒருமித்த கருத்து. தராசாவது, துலாபாரமாவது.

அதனால் அவருக்குப் பெயரே 'தராசு' கலியமூர்த்தி ஆகிவிட்டது. அவர் எதைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. மகள் மலர்விழி இன்ஜினியரிங் முடித்து சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த செய்தியை டீக்கடையில் சொன்னார். "இதுவும் தராசு சீன்தானா?" என்றார் ஒருவர். கடையே சிரித்தது. அதில் நானும் ஒருவன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

"பதினொரு தடவ பாத்தேங்கிறீங்க. முத நாள் பாத்தீங்களா?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

யோசித்தேன். நான் அப்போது கும்பகோணத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். இரண்டாவது வாரம்.

"முத நாளுக்கு அப்பறம் அத வெட்டிட்டாங்க சார். அன்னிக்குப் பாத்தவங்களும் பயந்துகிட்டு வாயத் தொறக்கல. ஒவ்வொரு தடவ படப்பெட்டி வந்ததும் மொத வேலையா அதக் கழட்டி வச்சுருவாங்க. இடம் யாரோடது?"

சரிபார்க்கவும் வழி இல்லை. டாக்கீஸ் போய், கலர் டி.வி. வந்து, கேபிள் வந்து இருபத்து நாலு மணி நேரமும் படம் ஓடுகிறது. அந்தப் படம் மட்டும் எந்தச் சேனலிலும் வந்ததில்லை.

"மக சிங்கப்பூர்லேருந்து அந்தப் படத்து சி.டி. வாங்கிட்டு வந்திருக்கு. ஞாயித்துக்கெழம புது வீட்டுக்குக் குடிபோறோம். சாப்பாட்டுக்கு அப்பறம் எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறேன். நீங்க அவசியம் வரணும்."

"நீங்க பாத்துட்டீங்களா?"

கையிலிருந்த பத்திரிகையை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். "இல்ல சார்... பயமா இருக்கு. முப்பது வருஷம் ஆச்சு. நானே கனவுல கண்டதாக்கூட இருக்கலாமில்ல?"

ஊரைக் கூட்டி வைத்துவிட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு சீனைப் போடப் போகிறார் மனிதர். போதாக்குறைக்கு இன்னொன்றும் சொன்னார். எங்கள் ஊர் மிராசுதாரின் மகன் சேதுராமனையும் அழைத்திருக்கிறாராம். சென்னையில் பேங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். கலியமூர்த்திக்கு இப்போது இருக்கும் இரண்டு ஏக்கர் நிலம் அவரிடம் வாங்கியதுதான்.

"வேண்டாங்க. விருந்துக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்" என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு எம் பொஞ்சாதியும் அழுவுது. ஆனா அவரு இல்லாம போட்டா அது புறம் பேசுற மாதிரி ஆயிடுமே சார்" என்றார். சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். காலையில் பால் காய்ச்சி, மதியம் இலை போட்டு, எல்லாம் நன்றாகவே நடந்தது. கூடத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த பெரிய டி.வி. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் சேதுராமன். கீழே ஜமக்காளத்தில் தெருக்காரர்கள். ஓரமாக மலர்விழியின் காலேஜ் தோழிகளும், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சில இளைஞர்களும். இவர்களாவது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சிரிப்பதாவது... என் கட்டுரையை ஜெயிக்க வைக்க வந்தவர்கள் மாதிரி எனக்குத் தெரிந்தார்கள்.

பாட்டு வந்தபோதெல்லாம் ரிமோட்டில் ஓட்டினார்கள். பெண்டாட்டியை அடிக்கிற ஒரு காமெடி வந்தது. நாங்கள் அந்த நாளில் விழுந்து விழுந்து சிரித்த இடம். கூடத்தில் ஒரு சத்தம் இல்லை.

"இதுக்கெல்லாமா சிரிச்சீங்க?" என்றாள் மலர்விழி, என்னைப் பார்த்து. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

படத்தில் மிராசுதார் மேளதாளத்தோடு கோயிலுக்குள் போனார். அடுத்து கட்டில்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். திரை நீலமாகிவிட்டது. முதல் சி.டி. முடிந்துவிட்டதாம். நல்ல இடத்தில் முடித்தான், பாவி.

கலியமூர்த்தி இரண்டாவது சி.டி.யை உறையிலிருந்து எடுத்தார். மகளிடம் கொடுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். அந்த நிமிஷம், நான் தோற்றுவிட வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

படம் வந்தது. திரை நிறையத் தராசு.

ஒரு தட்டில் மிராசுதார். தன் எடைக்கு நெல் தருவதாக வேண்டுதல். மூன்று கலம் போதும் என்று கணக்குப்பிள்ளை சொல்லியிருக்கிறார். பண்ணையாள் மரக்காலால் அளந்து எதிர்த் தட்டில் கொட்டுகிறான். எந்த மரக்கால்? கூலி அளக்க மிராசுதாரே அளவு குறையும்படி அடியில் கட்டை வைத்துச் செய்த திருட்டு மரக்கால். மூன்று கலமும் கொட்டியாயிற்று. தட்டு அந்தரத்தில் தொங்குகிறது, மிராசுதார் தரையை விட்டு அசையவில்லை. நாலு, ஐந்து... இறங்கினால் சாமி குற்றம். அப்போது பண்ணையாள் கைகட்டிச் சொல்கிறான்: "அளவு நம்ம வீட்டு மரக்கால்தான் எஜமான், தப்பு வராது. எஜமானுக்குத்தான் இந்த வருஷம் சதை போட்டிருக்கு."

கூடம் அதிர்ந்தது. கம்ப்யூட்டர் இளைஞர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். மரக்காலைக் கண்ணால் பார்த்திராத பெண்களுக்குக் கண்ணில் தண்ணீர். கலியமூர்த்தியின் மனைவி எழுந்து நின்று, "இருந்துச்சே... அந்தச் சீன் இருந்துச்சே... நான்கூட நம்பலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கலியமூர்த்தி டி.வி.யைப் பார்க்கவே இல்லை. சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் எல்லோருக்கும் முன்வரிசை ஞாபகம் வந்தது. சிரிப்பு அடங்கியது.

சேதுராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க வீட்டு மரக்காலும் இப்படித்தாங்க இருந்துச்சு கலியமூர்த்தி. அடியில கட்டை. எதுக்குன்னு கேட்டு அப்பாகிட்ட அடி வாங்கியிருக்கேன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அத இன்னொரு தடவ போடும்மா."

இரண்டாவது தடவை, கூடத்திலேயே சத்தமாகச் சிரித்தவர் அவர்தான். நான் கைதட்டினேன். தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷப்பட்டது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை.

ஆகவே வாசகர்களே, போன வாரத்துக் கேள்விக்குத் திருத்திய பதில் இது. அந்தக் காலத்துப் படத்தை இன்றைய ரசிகர்கள் ஏற்பார்களா? எங்கள் ஊரில் அதை முழுசாக ஏற்றுக்கொண்டதே இன்றைய ரசிகர்கள்தான். சிரிக்கக் கூடாததற்குச் சிரிக்கவில்லை, சிரிக்க வேண்டியதைக் கத்தரிக்கவில்லை. பெரிய மனசு யாருக்கு?

திங்கட்கிழமை டீக்கடைக்குப் போனேன். கடை முழுக்கத் தராசுக் கதைதான். சொன்னவர் கலியமூர்த்தி இல்லை, மற்ற எல்லோரும். அதிலும் ஒருவர், "எனக்கு அப்பவே தெரியும். முத நாளு நானும் டாக்கீஸ்ல இருந்தேனே, என்னா சிரிப்பு" என்றார். இன்னொருவர் தானும் இருந்ததாகச் சொன்னார். மூன்றாமவரும் கை தூக்கினார்.

கலியமூர்த்தி டீயைக் குடித்துக்கொண்டே என் காதருகில் வந்தார்.

"இத்தன பேரு அன்னிக்கு எங்கூடச் சிரிச்சிருந்தா, எனக்கு வேலையே போயிருக்காது சார்."