வானத்திலிருந்து விழும் பெட்டிக்கு விதிமுறைகள்

திண்டிவனத்தில் இருக்கும் என் மாப்பிள்ளை, வேலையில்லாமல் இருந்த எட்டு மாதங்களில் ஒரு தீவை நிர்வகிக்கக் கற்றுக்கொண்டார். தீவு கணினிக்குள் இருக்கிறது. பலரும் அவரவர் வீட்டிலிருந்தே அதில் நுழைந்து, மரம் வெட்டி, குடிசை போட்டு, மிருகங்களிடமிருந்தும் சக மனிதர்களிடமிருந்தும் தப்பிப் பிழைக்க வேண்டும். இந்த விளையாட்டுக்கென்று சொந்தமாக ஒரு சர்வர் நடத்தினார். பிறகு வேலை கிடைத்தது. தீவை மட்டும் விடவில்லை. என் மகள் கெடு வைத்தாள்: மாதக் கடைசி ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பத்துப் பேராவது உள்ளே இல்லையென்றால் மூடிவிட வேண்டும். அவரும் தலையாட்டியிருந்தார்.

நாற்பது பேர் வந்துகொண்டிருந்த இடம் காலியாகிவந்ததற்குக் காரணம் நிவாரணப் பெட்டி. அவ்வப்போது ஒரு விமானம் பறந்து பாராசூட்டில் பெட்டியைப் போடும். உள்ளே துப்பாக்கி, கவசம், மருந்து. ஐந்து பேர் கொண்ட ஒரு கும்பல் ஒவ்வொரு முறையும் அதை அள்ளிக்கொண்டு போனது. மற்றவர்கள் வெறுத்துப்போய் வருவதை நிறுத்தினார்கள்.

"பெட்டி எங்க விழணும், உள்ள என்ன இருக்கணும், எல்லாத்தயும் பிளகின்னு ஒரு குட்டி புரோகிராம் போட்டு மாத்திக்கலாம் மாமா. எப்படி மாத்துறதுன்னுதான் தெரியல," என்றார்.

வெள்ள நிவாரணக் கோப்புகளைப் பார்த்தே ஓய்வு பெற்றவனிடம் இதைக் கேட்டிருக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது என் பையில் மூன்று பக்க வரைவு இருந்தது. வழங்கும் இடமும் நேரமும் ஒரு நாள் முன்னதாக அறிவிக்கப்பட வேண்டும். தொலைவிலுள்ளவர்களும் வந்துசேர, விழுந்த பெட்டி பதினைந்து நிமிடம் பூட்டியிருக்க வேண்டும். நான் வாசிக்க வாசிக்க, மாப்பிள்ளை பிளகினுக்குள் எண்களை மாற்றினார். கையொப்பமிட இடமில்லை என்பது ஒன்றே என் குறை.

ஒரு வாரத்தில் போன் வந்தது.

"மாமா, உங்க நோட்டீஸப் படிச்சிட்டு அவனுங்க முந்தின நாளே போய் மதில் கட்டிக்கினு உக்காந்துட்டானுங்க. அந்தப் பதினஞ்சு நிமிஷமும், தூரத்துலேர்ந்து வர்றவங்களை வரிசையா சுடறானுங்க."

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது: "மரத்தடியில மனு எழுதித்தர ஒரு ஆளயும் உக்கார வெச்சிடுங்கப்பா. தாலுக்கா ஆபீஸே ஆயிடும்."

சிரிப்பு வரவில்லை. அலுவலகத்திலும் அறிவிப்புப் பலகையைப் படித்தவர்கள், அதன் எதிரிலேயே பொழுதைக் கழிக்க முடிந்தவர்கள்தான். நாற்று நடப் போனவள் படிக்கவில்லை. அது அப்போதே எனக்குத் தெரியும். ஒட்டிய தேதியைக் கோப்பில் குறித்துவிட்டேன். அதற்குமேல் கோப்பும் எதுவும் கேட்கவில்லை.

"நீங்க குடுத்ததுல யாரும் புடுங்காத பொருள் ஏதாவது இருந்துச்சா மாமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

யோசித்தேன். போர்வையும் பிஸ்கட்டும் லாரியை விட்டு இறங்குவதற்குள் பறந்துவிடும். மோட்டா அரிசியை மட்டும் வசதியானவர்கள் தொடமாட்டார்கள். அதைக் கொடுக்க எனக்கே வெட்கமாக இருக்கும். கடைசித் தெருவின் கடைசி வீடுவரை போய்ச்சேர்ந்ததும் அது ஒன்றுதான்.

சொன்னேன். அவர் பிடித்துக்கொண்டார். பெட்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்துவிட்டு, கட்டுத் துணி, விதை, விறகு என்று நிரப்பினார். ஒரு பெரிய பெட்டி இருபது சின்னப் பெட்டிகளானது. அறிவிப்பு கிடையாது, குடிசைகளுக்குப் பக்கத்திலேயே விழும். சண்டை நின்றது. விதை கிடைத்தவர்கள் வேலி கட்டிப் பயிர் வைத்தார்கள். கும்பல், "இன்னாடா இது, ரேஷன் கடையா?" என்று எழுதிவிட்டு வேறு சர்வருக்குப் போய்விட்டது.

ஐந்து பேர் போனால் ஐந்து பெயர் குறையும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. கெடு வைத்த ஞாயிறு நானும் திண்டிவனம் போயிருந்தேன். ஆறு மணிக்கு இருபது நிமிடம் இருக்கையில், திரையில் ஒன்பது பெயர்கள். மகள் வந்து எண்ணிப் பார்த்தாள்.

"மாப்ள, உள்ள வர்றதுக்கு வயசு வரம்பு எதுனா வெச்சிருக்கீங்களா?" என்றேன்.

"அப்பா, இது போங்கு!"

"பத்துப் பேருன்னுதான சொன்ன? எந்தப் பத்துப் பேருன்னு சொல்லலியே."

பணிக்காலம் முழுக்கப் பட்டியலிலிருந்து போலிப் பெயர்களை அடித்தவன், அவளுடைய லேப்டாப்பைத் திறந்து என் பெயரைச் சேர்த்தேன்.

"சரி. ஆறு மணி வரைக்கும் சாவாம இருந்தாதான் கணக்கு," என்றாள்.

கையில் ஒரு கல்லோடு கடற்கரையில் நின்றேன். இரண்டாவது நிமிடமே ஒரு காட்டுப்பன்றி துரத்தியது. "திரும்பிப் பாக்காதீங்க மாமா, ஓடுங்க!" என்று மாப்பிள்ளை கத்தினார். பாதி உயிரோடு ஏதோ ஒரு குடிசை வாசலில் விழுந்தேன். முகம் தெரியாத ஓர் ஆள் கதவைத் திறந்து, என்னை உள்ளே விட்டுச் சாத்தி, தன்னிடமிருந்த கட்டுத் துணியைப் போட்டுவிட்டார். ஆறு அடித்தது.

மகள் உதட்டைப் பிதுக்கினாள். "இந்த மாசம் ஓகே. அடுத்த மாசமும் எண்ணுவேன்."

உயிரோடிருப்பதாக ஓய்வூதியக்காரன் ஆண்டுக்கொரு முறை சான்று கொடுத்தால் அரசாங்கத்துக்குப் போதும். மகளுக்கு மாதாமாதம் வேண்டுமாம். அந்த ஆளுக்கு நன்றி சொல்ல எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.