கோட்டுக்குள்ளே இரவுச்சட்டை

லோசானில் ஓர் ஓப்பரா அரங்கின் உடுப்பறையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சண்டையோடுதான் தொடங்கியது. எண்பதுகளின் நடுப்பகுதி. நானும் கணவரும் கொடுத்த அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. சாவகச்சேரியில் தையல் வகுப்பு நடத்தியவள் என்று நான் சொன்னதை நம்பி, அப்போது போடவிருந்த ஒரு நாடகத்துக்கு மட்டும் என்னை எடுத்திருந்தார்கள். வேலை பிடித்திருந்தால் தொடர்ந்து வைத்துக்கொள்வதாக உடுப்பறைப் பொறுப்பாளர் மடாம் ஓடெட் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது பிரெஞ்சு அரைகுறை. ஆகவே அவர்கள் சொன்னவற்றை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

1. இறகுத் தொப்பி

அந்த நாடகத்தின் கதை பழையது. சில நூறு வருடங்களுக்கு முன் பிரான்சில் ஒரே ஊர்ச் சனம் இரண்டு மதமாகப் பிரிந்து நின்று, ஒரு பகுதி மற்றப் பகுதியை வெட்டிச் சாய்த்ததை வைத்து எழுதிய நீண்ட ஓப்பரா. வழமையாக அதை வெல்வெட் அங்கி, இறகுத் தொப்பி, இடுப்பில் வாள் என்றுதான் போடுவார்களாம். அந்த உடுப்பைப் பார்க்கவே பாதிச் சனம் வருமாம்.

எங்கள் இயக்குநர் சூரிச்சிலிருந்து வந்த ஒல்லியான மனிதர். அவர் ஒரே பேச்சாகச் சொன்னார்: "இறகு ஒண்டும் வேண்டாம். எல்லாரும் இண்டைக்கு ரோட்டில போற ஆக்கள் மாதிரி இருக்கவேணும். கொல்லப் போறவை கோட்டும் டையும் போட்ட கந்தோர்க்காரர். கையில ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பினம். அவ்வளவுதான்."

கூட்டமாகப் பாடும் கோரஸ்காரர்கள் கொதித்தார்கள். கோரஸில் அடிக்குரல் பாடும் பேர்னார் ஆறடிக்கு மேல் உயரம், சிவப்புத் தாடி. களஞ்சியத்திலிருந்து ஒரு இறகுத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு உடுப்பறைக்குள் வந்தார்.

"இதைப் போடத்தான் இவ்வளவு காலமும் காத்திருந்தனான். கோட்டோட நிக்கிறதெண்டா வங்கியில வேலைக்குப் போயிருப்பன்! நாங்கள் மேடைக்கு வரமாட்டம்."

"வராட்டி வெறும் மேடையில போடுவன்," என்றார் இயக்குநர்.

மடாம் ஓடெட் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "ரஞ்சி, நாடாவை எடு. சண்டை முடியட்டும், நாங்கள் அளவெடுப்பம்."

பேர்னார் கத்திக்கொண்டே கையை விரித்து நின்றார். நான் தோளை அளக்கும்போது கத்தலை நிறுத்தி, "தோள் கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்," என்றார். பிறகு மறுபடி கத்தினார். அப்போதே எனக்கு ஆளின் குணம் பிடிபட்டுவிட்டது. அந்தக் கோட்டை ஒரு மாப்பிள்ளைக்குத் தைப்பதுபோலத் தைத்தேன். போட்டுப் பார்த்தவர் கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பினார். தாடியைத் தடவினார். "மோசமில்லை," என்றார். அடுத்த நாள் காலையில் உடுப்பறை வாசலில் ஆண்கள் வரிசை. "பேர்னாருக்குத் தைச்ச மாதிரி எனக்கும்." வேலைநிறுத்தம் அத்தோடு முடிந்தது.

கொலைக்குச் சத்தியம் செய்யும் காட்சியின் ஒத்திகையை மேடை ஓரத்தில் நின்று பார்த்தேன். நான் தைத்த கோட்டுகளோடு, தலை வாரி, மரியாதையான மனிதர்கள் ஒருவர் கையில் ஒருவர் வெள்ளைத் துணி கட்டிவிட்டார்கள். கலியாண வீட்டுக்கு வெளிக்கிடுவதுபோல் இருந்தது. பாட்டோ அவ்வளவு அழகு. அந்த மாதிரி முகங்களை எண்பத்துமூன்றுக் கலவரத்தின்போது கொழும்பில் நான் கண்டிருக்கிறேன். இயக்குநர் ஏன் இறகு வேண்டாம் என்றார் என்பது அந்த நிமிடத்தில் விளங்கியது. பாடி முடித்து வந்த பேர்னார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தோள் தூரத்தில இருந்து பாக்க எப்பிடி?" அந்த நேரத்திலும் சிரித்துவிட்டேன்.

2. வெல்க்ரோ

கொல்பவர்களாகப் பாடும் அதே ஆட்கள்தான் கடைசி அங்கத்தில் சாகிறவர்களாகவும் வரவேண்டும். நித்திரையிலிருந்து எழுந்து ஓடிவந்த சனம், இரவுச்சட்டை, வெறுங்கால். இரண்டுக்கும் நடுவில் இசைக்குழு வாசிக்கும் ஒரு சின்னத் துண்டு மட்டுமே உண்டு. உடுப்பறைக்குப் போய்வர நேரமில்லை.

இரவுச்சட்டையை உள்ளே போடச் செய்து, மேலே கோட்டின் முதுகைப் பிளந்து வெல்க்ரோ ஒட்டுப்பட்டி தைக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். முன்னால் நின்று ஒரு இழுவை, கோட்டு கையோடு வந்துவிடும். எல்லோருக்கும் சந்தோஷம்.

இசைக்குழுவோடு முதல் ஒத்திகை. ஒரேயொரு புல்லாங்குழல் மெல்ல வாசிக்கும் இடம். அந்த நேரம் பார்த்து ஓரத்தில் கர்ர்ர், கர்ர்ர், கர்ர்ர் என்று கோரஸ் முழுவதும் கிழிந்தது. இசை நடத்துநர் கோலைக் கீழே வைத்தார்.

"பின்னால என்ன, கோழிக்கு இறகு பிடுங்குகினமோ?"

வயலின்காரர்கள் குனிந்து சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. மடாம் ஓடெட் என் பக்கத்தில் வந்து நின்று, "சிரிக்கட்டும். நாளைக்கு என்ன செய்யப்போறம், அதைச் சொல்லு," என்றார்.

அவரும் நானுமாக வெல்க்ரோவை எல்லாம் பிரித்தோம். பிரஸ் பட்டன் வைத்தோம். அது டக் டக் என்றது. அதையும் பிரித்தோம். கடைசியில் இரண்டு பக்கமும் நாடா வைத்து, நடுவில் ஒரு உருவு முடிச்சு. நுனியைப் பிடித்து இழுத்தால் சத்தமில்லாமல் அவிழும்.

"இதை எங்க பழகினனீ?" என்று மடாம் ஓடெட் கேட்டார்.

"பாவாடை நாடா, மடாம்."

அவர் சிரித்த சிரிப்பில் ஊசிப்பெட்டி கொட்டுப்பட்டது. இரண்டு பேரும் நிலத்தில் இருந்து ஊசி பொறுக்கினோம்.

3. கூச்சல்

முதல் மேடையேற்றம் ஒரு ஞாயிறு பிற்பகல். நாடாக்கள் ஒழுங்காக அவிழ்ந்தன. சற்று முன் வெள்ளைத் துணி கட்டிய அதே முகங்கள் இரவுச்சட்டையோடு மேடையில் வந்து நின்றபோது சபையில் ஒரு இருமல்கூட இல்லை. முடிந்ததும் பாடகர்களுக்குப் பெரிய கைதட்டு.

பிறகு இயக்குநர் வணங்கப் போனார். அவ்வளவுதான். "பூ!" என்று, பிடிக்காததைக் காட்டும் ஒரு கூச்சல், விசில், நிலத்தில் காலால் அடிக்கும் சத்தம். நான் நின்ற பலகை அதிர்ந்தது. சனம் அப்படிக் கத்தினால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும். மேடையிலிருந்து வந்தவர்களை எல்லாம் பிடித்து உடுப்பறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினேன்.

"மடாம் ரஞ்சி, அவை எங்களை அடிக்க வரேல்லை," என்றார் இரவுச்சட்டையோடு நின்ற பேர்னார். "இயக்குநரைத்தான் ஏசுகினம். திறவுங்கோ, நான் இன்னொருக்கா வணங்கவேணும்!"

"சத்தம் போடாதேங்கோ!" என்று தமிழிலேயே அதட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் திறக்கவில்லை.

மடாம் ஓடெட் வந்து கதவைத் தட்டினார். திறந்ததும் என் கையைப் பிடித்துத் திரைச்சீலை ஓரத்துக்குக் கூட்டிப்போனார். முன்வரிசையில் ஒரு நரைத்த கனவான் வாயில் இரண்டு கையையும் வைத்துப் "பூ!" என்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். மேல்மாடத்திலிருந்து "ப்ராவோ!" என்று பதில் கூச்சல். இயக்குநர் நடுவில் நின்று சந்தோஷமாகக் குனிந்து குனிந்து எழும்பினார்.

"இது சண்டை இல்லையோ, மடாம்?"

"சண்டைதான். நல்ல சண்டை. இனி எல்லாரும் ஒண்டாப் போய் வைன் குடிப்பினம்."

நான் நம்பவில்லை. சபை கலையும்வரை நின்று பார்த்தேன். யாரும் கை ஓங்கவில்லை. முன்வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தால், வெயிலில் பக்கத்துப் பஸ் தரிப்பிடத்தில் அதே கணவனும் மனைவியும். "ஒரு இறகுகூட இல்லை!" என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவியின் கழுத்துச் சால்வையைச் சரிசெய்தார். "நீங்கள் பாதி நேரம் நித்திரை," என்றார் மனைவி.

மடாம் ஓடெட் என்னை வைத்துக்கொண்டார். அதன் பிறகு பல இயக்குநர்களுக்குத் தைத்து, அந்த உடுப்பறையிலிருந்துதான் ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சனம் கத்தினால் பயப்படாதீர்கள். ஒரு சொல்லும் சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு போனால்தான் எங்கள் வேலை எங்கேயோ பிழையாகிவிட்டது என்று அர்த்தம்.

அன்று என் கணவருக்கும் மேல்மாடத்தில் ஒரு இடம் கிடைத்திருந்தது. பின்வாசலில் எனக்காகக் காத்து நின்றார். குரல் அடைத்துப்போயிருந்தது.

"என்னப்பா தொண்டைக்கு?"

"கத்தினனான்."

"நீங்களோ? ஆரோட?"

"கீழ ஒரு மனுசன் 'பூ' எண்டு கத்தினார். எனக்குக் கோவம் வந்திட்டுது. நான் 'ப்ராவோ' எண்டன். அவர் மேல பாத்துத் திரும்பக் கத்தினார். நான் விடேல்லை."

இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் பஸ்ஸில்கூட என் காதுக்குள்தான் கதைக்கிற மனிதர் அவர். அன்று வீடு சேரும்வரை அந்த அடைத்த குரலிலேயே, பஸ் முழுவதும் கேட்க, எனக்கு நாடகத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் அவரை மெல்லக் கதைக்கச் சொல்லவில்லை.