விறகு கட்டும் பெல்ட்

போன மாதம் லுணுகலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே உள்ள குறுக்குப் பாதையில் அக்கா விறகுக் கட்டோடு எதிரே வந்தாள். கட்டைச் சுற்றிக் கயிறு இல்லை. அகலமான கறுப்புத் தோல் பெல்ட் ஒன்று இருந்தது. அதன் பித்தளைக் கொக்கியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. அது நசுங்கிய நாளில் நான் லயத்தில் அக்கா குடியிருக்கும் ஒற்றைக் காம்பராவுக்குள் இருந்தேன். வீச்சு என் பக்கம் வந்தபோது நான் குனிந்தேன், கொக்கி கதவு நிலையில் பட்டது. அக்கா குனியாதவள். கொக்கி பட்ட இடங்கள் அவள் முதுகில் இன்னும் இருக்கின்றன.

பெல்ட் அக்காவின் புருஷனுடையது. நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுவதில் அவருக்கு ஈடு கிடையாது. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்தில் ஒரே வீச்சில், பட்டை பிளக்காமல் வெட்டுவார். வீட்டிலும் அதே கைதான். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, வெல்லவாயவில் இறைச்சிக் கடை, பிறகு மரக்கறி லொறி என்று எங்கும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. வேலை போனால் அக்காவின் காம்பராவுக்கு வருவேன். வரும்போதெல்லாம் அவள் உடம்பில் ஏதாவது ஓர் இடம் வீங்கியிருக்கும். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் கவ்வாத்துக் கத்தி வழுக்கி மச்சானின் கெண்டைக்காலில் இறங்கியது. புண் சீழ் பிடித்தது. தோட்டத்து மருந்துக் கொட்டிலில் ஒரு வாரத்துக்குக் கெப்சூல் கொடுத்தார்கள். அது முடிந்ததும் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். வெறும் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய், பாமசியில் நீட்டி, "இதே மாதிரி குடுங்க" என்றார். அப்படி நாலு தடவை. லயத்தில் பழைய மருந்து அட்டையை யாரும் எறிவதில்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். அட்டை இருந்தால் டாக்டர் தேவையில்லை என்று நினைப்பு.

புண் ஆறியது. வயிறு போகத் தொடங்கியது. ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து தடவை. கவ்வாத்து மலையில் அத்தனை தடவை இறங்கி ஓடினால் அன்றைய கணக்குச் செடி முடியாது, அரைப் பேர்தான் விழும், அரை நாள் சம்பளம். கூட வெட்டுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. "என்னங்க, கத்தியத் தூக்குறதுக்குள்ள சாரத்தத் தூக்குறீங்க" என்று ஒருவன் கேட்டானாம். அன்றைக்கே அவர் வயிற்றை நிறுத்துகிற மாத்திரை வாங்கினார். காலையில் இரண்டு, மலையில் இரண்டு. கூடவே வயிறு கட்டுவதற்குக் கோப்பித்தூளில் தேசிக்காய்ப் புளி பிழிந்து விழுங்கினார். முழுப் பேர் விழுந்தது. வயிற்றுப்போக்கு நின்றது. வயிற்றுக்குள் இருந்தது நிற்கவில்லை.

அப்படி இருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வேலை முடிந்து வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

"என்னடி போட்ட சோத்துல?"

"எல்லாரும் சாப்புட்டதுதானே."

"மருந்து வச்சிருக்க. எனக்குத் தெரியும்டி."

பெல்ட்டை உருவினார். அப்போதும் வேலை போய் வந்திருந்த நான் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மூலையில் படுத்திருந்தேன். முதல் அடி அக்காவின் தோளில், இரண்டாவது கண்ணுக்கு மேலே. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் போனது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டு படுத்திருந்த நான் அன்றைக்கு ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை தெரியாது. பூட்ஸ் காலோடு அவர் வயிற்றில் உதைத்தேன். விழுந்தார். விழுந்த பிறகும் இரண்டு தடவை உதைத்தேன். வயிறு பாறை மாதிரி இருந்தது கால் விரலுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் அவர் வயிறு மாடு செத்து ஊதியது போல எழும்பியிருந்தது. உடம்பு நெருப்பாகச் சுட்டது. பேச்சு தடுமாறியது, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு நேரமாச்சு என்று என்னைக் கணக்கப்பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற வான் வண்டியில் கிடத்திப் பசறை வழியாகப் பதுளைக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் உருண்டு என் முழங்காலில் முட்டி அலறினார். என் தலைக்குள் ஒரே நினைப்புத்தான்: ஆள் செத்தால் நான் கொலைகாரன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்கக் குழாய் வழியாக மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் சத்திரசிகிச்சை செய்கிற டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வயிற்றைச் சுற்றி லொறி டியூப் ஒன்று ஊதிக் கிடந்தது.

"இது பெருங்குடல். கிருமி பிடிச்சு வீங்கிப்போச்சுது. பிரஷரும் விழுந்துகொண்டு போகுது. வெட்டி எடுக்கவேணும். சிறுகுடலை வயித்துக்கு வெளியாலை கொண்டுவந்து பை போடுவம்."

"எடுத்தா பொழைப்பாரா?" என்று அக்கா கேட்டாள்.

"எடுத்தாலும் பாதிக்குப் பாதிதான், அம்மா. எடுக்காட்டி இண்டைக்குப் பின்னேரம் தாண்டாது."

மச்சானுக்கு நினைவு இல்லாததால் மனைவி கையெழுத்துப் போட வேண்டும். தாள் மேசையில் இருந்தது. டாக்டரம்மா அக்காவின் புருவத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை நீட்டினார். அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே கூட்டித் துடைக்கிறவள் ஒரு முழு வராந்தாவையும் துடைத்து முடித்தாள். பேனா தாளைத் தொடவில்லை. அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் நான் தெரிந்துகொண்டது தெரிந்தது.

"நீ சொல்லு தம்பி" என்றாள்.

"போடு அக்கா" என்றேன்.

போட்டாள். அவருக்காகவோ அவளுக்காகவோ நான் அப்படிச் சொல்லவில்லை. என் கழுத்துக்காகச் சொன்னேன்.

மத்தியானம் தியேட்டர் கதவுக்கு வெளியே டாக்டரம்மா என்னை மட்டும் கூப்பிட்டு, வெட்டியதைக் காட்டினார். எவர்சில்வர் தட்டு நிறையக் கிடந்தது. இறைச்சிக் கடையில் எத்தனையோ குடல் கழுவியவன் நான். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சில இடம் சாம்பல், சில இடம் ஈரமான கறுப்பு. வெட்டிப் பிரித்த இடத்தில் உட்பக்கம் முழுக்க மஞ்சள் ஆடை படர்ந்திருந்தது. நாற்றம் முகமூடியைத் தாண்டி வந்தது.

"டாக்டர், நான்தான் ஒதச்சேன். வயித்துலதான். மூணு தடவ."

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"உதைச்சு இப்பிடி வராது. கிழிஞ்ச இடம் ஒண்டும் இல்லை. கால் புண்ணுக்கு என்ன குடிச்சவர்?"

அட்டைகளைப் பற்றிச் சொன்னேன். வயிறு நிறுத்துகிற மாத்திரையைப் பற்றியும் சொன்னேன்.

"அதுதான். அந்தக் கெப்சூல் குடலிலை இருக்கிற நல்ல கிருமியளையும் சாகடிச்சுப்போட்டுது. மிஞ்சின கெட்டது தனிக்காட்டு ராசாவா வளர்ந்திட்டுது. வெளியாலை போகவேண்டிய நஞ்சை மாத்திரை போட்டு மறிச்சும் வைச்சிருக்கிறார்." பிறகு சொன்னார், "உதைச்சதைப் பற்றி நீர் பொலிசிட்டைச் சொல்லும், எனக்குச் சொல்ல வேண்டாம்."

வராந்தாவில் அக்கா தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவரைக் கொன்றவன் நான் இல்லை, அவரும் சாகவில்லை. இல்லாத ஒரு குற்றத்துக்குப் பயந்து நான் அவளைக் கையெழுத்துப் போட வைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லாமலே அந்த வாரமே லொறி ஏறிவிட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் நான் வந்துபோகும்போது கேட்டது. ஒரு மாதம் கழித்து மச்சான் எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தார். வயிற்றின் வலப்பக்கம் குடலின் முனை சிவப்பாக, ஈரமாக வெளியே நின்றது. அதன் மேல் பை. பெல்ட் இடுப்பில் நிற்காததால் ஆணியால் இன்னோர் ஓட்டை போட்டுக் கட்டிப் பார்த்தார். அது குடல் முனையில் உரசி ரத்தம் வந்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு நாள் கட்டிலில் இருந்தபடியே அக்காவின் மேல் வீசினார். அவள் பையை மாற்றாமல் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். பை கழன்று, வயிற்றுத் தோல் வெந்து, அவர் அதற்குள்ளேயே பின்னேரம் வரை கிடந்தார்.

"எம்மேல கை வச்சா இனிமே நீங்களே மாத்திக்குங்க" என்றாளாம், வந்து கழுவிவிட்டபோது. அதற்குப் பிறகு அவர் கையைத் தூக்கவில்லை.

போன மாதம் அந்தப் பாதையில் அக்கா விறகை இறக்கி வைத்துவிட்டு, ரவிக்கைக்குள் இருந்து கிளினிக் கொப்பியை எடுத்தாள். வியர்வையில் ஓரம் ஊறிப்போயிருந்தது.

"பைய எடுத்துட்டு உள்ளயே தச்சு விட்டுருவாங்களாம். முன்னயும் ரெண்டு தடவ திகதி குடுத்தாங்க. மழை, ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சுன்னு அவருகிட்ட சொல்லிட்டேன். இது மூணாவது. ஆளு இப்ப நல்லாத் தேறிட்டாரு. கவ்வாத்துக் கத்திய எடுத்துத் தீட்டுறாரு."

மேலே லயத்திலிருந்து மச்சானின் குரல் கேட்டது. தண்ணீர் கேட்டார். குரலில் பழைய கனம் திரும்பியிருந்தது.

"அன்னிக்கும் உங்கிட்டதான் கேட்டேன்" என்றாள். "நீ சொல்லு தம்பி. கூட்டிட்டுப் போகவா, வேணாமா?"

நான் குனிந்து விறகுக் கட்டைத் தூக்கப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள். பிறகு கொப்பியை மறுபடியும் உள்ளே வைத்தாள். வலது காலை விறகுக் கட்டின் மேல் ஊன்றி, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, அவர் ஆணியால் போட்ட அந்தக் கடைசி ஓட்டையில் கொக்கியை மாட்டினாள்.