ஒரே கோப்புக்கு இரண்டு கதவு

இராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இவாஞ்சலின் கடை போட்டு ஏழு வருடம் ஆகிறது. இன்னும் பெயர்ப்பலகை வைக்கவில்லை. கேட்டால், "தெரிஞ்சவிய வருவாவ. தெரியாதவியளுக்குப் பலகை பார்த்தா மட்டும் தெரிஞ்சிருமாக்கும்?" என்பாள். அவள் பேச்சே வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான். செட்டியார்பட்டியிலிருந்து காலை எட்டு மணிக்கெல்லாம் வந்து கதவைத் திறந்துவிடுவாள்.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். மாணவர்கள் பகலெல்லாம் கெடுத்து வைக்கிற கணினிகளைச் சாயங்காலம் உட்கார்ந்து பழையபடி ஆக்குவதுதான் வேலை. பாடம் நடத்துகிறவர்களுக்கே பிடிபடாத பல சங்கதி அப்படித்தான் அவள் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

இப்போது அவள் பிழைப்பு, பரணில் ஏற்றிவிட்ட கிழட்டுக் கணினிகள். மூச்சு வாங்குகிற பெட்டியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் குட்டி வடிவம் ஒன்றைப் பென்டிரைவில் போட்டுச் செருகுவாள். பெட்டி எழுந்து நடக்கும். வாடிக்கையாளரின் படம், பாட்டு, கடிதம் அத்தனையையும் ஒரே ஒரு பெரிய கோப்புக்குள் வைத்துவிடுவாள். வெளியே பார்த்தால் அது வெறும் கோப்பு. லூப் என்கிற வசதி வழியாகத் திறந்தால் உள்ளே ஒரு முழு டிஸ்க்கே இருக்கும். கணினியும் அதை நிஜ டிஸ்க் என்றே நம்பிக்கொள்ளும். "வீடு மாறுதப்போ சாமானை ஒவ்வொண்ணாவா தூக்குவிய? டிரங்குப் பெட்டியோட தூக்குங்க" என்று விளக்கம் சொல்வாள்.

இதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு கோப்பை ஒரு நேரத்தில் ஒரு கதவு வழியாகத்தான் திறக்க வேண்டும். முதல் கதவு திறந்திருக்கும்போதே இன்னொரு லூப்பில் அதையே திறந்தால், இந்தப் பக்கம் எழுதுவது அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று காட்ட ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. அதைப் பார்க்காமல் கைவைத்த மாணவர்களை அவள் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னப் பள்ளி. அங்கே பொன்மணி டீச்சர் நாலு வருடமாக ஒரு சைகை அகராதி சேர்த்தாள். அச்சுப் புத்தகச் சைகைகள் அல்ல; அந்தப் பிள்ளைகள் தாங்களே உண்டாக்கிக்கொண்டவை. பால்கோவா என்றால் கரண்டியால் கிண்டிவிட்டு விரலை நக்க வேண்டும். தேர் என்றால் வடம் பிடித்து இழுத்துவிட்டு நெற்றி வியர்வையை வழித்துப் போட வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று நொடிப் படம், கீழே தமிழில் பெயர். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு வார்த்தை. பள்ளியின் கிழட்டுக் கணினியை எழுப்பி, அத்தனையையும் பென்டிரைவில் ஒரே கோப்பாக வைத்துக் கொடுத்தது இவாஞ்சலின்தான்.

எல்லாம் பெற்றவர்களுக்காக. பிள்ளை அழுதால், எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரியாத தாய் தகப்பன்தான் அங்கே பாதிக்கு மேல். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டி, திரையில் போட்டுச் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. பிள்ளைகளின் முகம் வெளியே போகக்கூடாது என்பது பள்ளியின் விதி. ஆகையால் இவாஞ்சலின் கடையில் நகல் கிடையாது.

வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருமுறை சரிபார்க்கப் போனாள். அன்றைக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பது மணிக்கு மின்சாரம் போய்விடும். அவள் போய் உட்கார்ந்தபோது எட்டு முப்பத்தைந்து. பொன்மணி அதற்கு முன்பே அகராதியைத் திறந்து, நாலைந்து பெயரைத் திருத்தி, அதை மூடாமல் திரையில் ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பிரேயருக்குப் போயிருந்தாள். இவாஞ்சலின் கண்ணில் அது படவில்லை. அந்த ஒரு வரிக் கட்டளையையும் அவள் போடவில்லை. கோப்பைத் தன் வழியில் இன்னொரு முறை திறந்தாள், இரட்டிப்பாக இருந்தவற்றை நீக்கினாள், மற்றதை வரிசைப்படுத்தினாள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இவள் பதறினாள்.

எட்டு ஐம்பத்தைந்துக்குக் கணினியை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். அகராதி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. என்ன செய்துவிட்டோம் என்பது அந்த நொடியே அவளுக்கு விளங்கிவிட்டது. ஒன்பது மணிக்கு மின்சாரமும் போனது.

பொன்மணி உள்ளே வந்தாள். "என்னக்கா, முடிச்சாச்சா?"

"கரண்ட்டு போச்சுல்லா டீச்சர், அதுல..." என்று இவாஞ்சலின் ஆரம்பித்தாள். எவ்வளவு வசதியான பொய்! ஊரே சாட்சி சொல்லும். ஆனால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"கரண்ட்டு இல்ல டீச்சர். நாந்தான். தொறந்து கெடந்ததைப் பாக்காம ரெண்டாவது தடவ தொறந்துட்டேன். எல்லாம் கலைஞ்சு போச்சு."

பொன்மணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "படத்துல இருக்க பிள்ளையள்ல ஒம்பது பேரு இப்ப பள்ளிக்கூடத்த விட்டுப் போயாச்சுக்கா, மறுபடி எடுக்கவும் முடியாது. ஞாயித்துக்கிழம வாரவியளுக்கு நான் என்னத்தக் காட்ட?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் வரை மின்சாரம் வராது. விதிக்காகப் பென்டிரைவைப் பொன்மணி தன் கையிலேயே வைத்துக்கொள்ள, இருவரும் பேருந்து ஏறி இராஜபாளையம் வந்தார்கள். இவாஞ்சலின் உடைந்த கோப்பை முதலில் அப்படியே நகலெடுத்தாள். மூலத்தைத் தொடவே இல்லை. நகலின்மேல் சரிசெய்யும் கட்டளையை ஓடவிட்டாள். இந்த முறை எது திறந்திருக்கிறது என்று மூன்று தடவை பார்த்தாள். மத்தியானம் இரண்டு மணிவரை இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

படங்கள் வந்தன, ஏறக்குறைய எல்லாமே. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. எல்லாவற்றுக்கும் வெறும் எண்.

"உங்களுக்குத் தெரியும்லா டீச்சர், எது எதுன்னு?"

"எனக்குப் பாதி வந்தாப் பெரிசு. மிச்சம் பிள்ளையளுக்குத்தான் தெரியும்."

சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டினார்கள். ஒவ்வொரு படமாக ஓட, அவர்கள் பலகையில் எழுத, இவாஞ்சலின் தட்டச்சு செய்தாள். கொய்யாவா, மாதுளையா என்று இரண்டு பேருக்குள் அடிதடியே வந்தது. நூற்றைம்பது தாண்டியபோது பன்னிரண்டு வயது வெங்கடேஸ்வரி எழுந்து கையால் ஏதோ கேட்டாள். எழுதி வைத்ததை எதற்கு மறுபடி எழுதுகிறோம், யார் கெடுத்தது என்று கேட்கிறாளாம். பதில் சொல்லப் பொன்மணி கையைத் தூக்கவே தயங்கினாள்.

இவாஞ்சலினுக்குச் சைகை தெரியாது. ஆனாலும் எழுந்து போனாள். தன் இடது உள்ளங்கையைத் தாள் மாதிரி விரித்தாள். வெங்கடேஸ்வரியின் விரலைப் பிடித்து அதில் எழுதவைத்து, அதே நேரம் தன் வலது விரலாலும் குறுக்கே கிறுக்கினாள். இரண்டு விரலும் மோதின. பிறகு கிறுக்கிய கையைத் தன் நெஞ்சில் வைத்தாள். நான்தான்.

வெங்கடேஸ்வரி பலகைக்குத் திரும்பி, அடுத்த படத்தைப் போடும்படி கை காட்டினாள். சாயங்காலத்துக்குள் அறுநூற்று நாலு வார்த்தைக்குப் பெயர் கிடைத்தது. மற்றவற்றில் இரண்டு படமே வரவில்லை. ஆறில் யாரும் ஒத்துப்போகவில்லை, விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இவாஞ்சலின் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். பெற்றோர் நாற்பது பேர் இருக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர்கள் கூச்சத்தோடு கையை அசைத்துப் பழகினார்கள். ஒரு தகப்பன் 'வலி' என்பதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

அறுநூற்று நாலு முடிந்தும் இன்னொரு படம் வந்தது. இவாஞ்சலின் அதை ஏற்றவில்லை. வெங்கடேஸ்வரி உள்ளங்கையை விரித்து, அதில் இரண்டு விரலை எதிரெதிராகக் கிறுக்கி மோதவிட்டு, கையை நெஞ்சில் வைத்தாள். கீழே எழுதியிருந்தது: இவா அக்கா.

"நேத்து நீங்க போன பொறவு எடுத்தாவக்கா. இங்க எல்லாருக்கும் கையில ஒரு பேரு உண்டு" என்றாள் பக்கத்தில் வந்து நின்ற பொன்மணி.

"ஏன் டீச்சர், பிள்ளையளுக்கு வேற பேரே கெடைக்கலையாக்கும்?" என்று இவாஞ்சலின் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, கண்தான் நிறைந்தது.

"கிறுக்குததோட நிறுத்திக்கிடுவோம்னுதான் நான் சொன்னேன். நெஞ்சில கை வைக்காட்டா அது உங்க பேரே இல்லன்னு பிள்ளையள் ஒரே சண்டை."

நாற்பது பேரும் உள்ளங்கையை விரித்துக் கிறுக்கி, நெஞ்சைத் தொட்டு, அவள் பெயரைச் சொல்லிப் பழகினார்கள். வெங்கடேஸ்வரி முன்வரிசையிலிருந்து திரும்பி, அவளைப் பார்த்து அதையே செய்து கூப்பிட்டாள். இவாஞ்சலின் எழுந்து அவள் பக்கத்தில் போனாள்.