ஒடுகத்தூர் கரம்பில் பூச்சி செக்கிங்

1. ஒற்றைக் கால்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் அரை மணி நேரம் நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

"அக்கா, அசையாதீங்க! தூக்கின கால அப்படியே வெச்சுக்குங்க. கீழ ஹீரோ இருக்காரு."

சொன்னவர் கார்த்திக் சார். பூச்சிகளைப் பற்றி டாக்குமென்டரி எடுக்கச் சென்னையிலிருந்து வந்த டைரக்டர். சொல்லும்போது அவர் மண்ணில் குப்புறப் படுத்திருந்தார். பக்கத்தில் கேமராமேன் ஜான், அவரும் குப்புற. நான் மெல்லக் குனிந்து பார்த்தேன். தூக்கிய காலுக்குக் கீழே ஒரு சாணி வண்டு. தன் உடம்பளவு ஆட்டுப் புழுக்கை ஒன்றைப் பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது.

நேராகப் போயிருந்தால் ஒரு நிமிஷத்தில் கடந்திருக்கும். அது என் இன்னொரு கால் செருப்பில் போய் முட்டியது. தள்ளிப் பார்த்தது. ஏறிப் பார்த்தது. சுற்றி வந்து மறுபடியும் அதே இடத்தில் முட்டியது.

"சார், நான் கையால எடுத்து அந்தப் பக்கம் வெச்சிடட்டுமா?"

"வேணாங்க்கா! அதுவே ஒரு முடிவுக்கு வரட்டும்."

அது முடிவுக்கு வருவதற்குள் எங்கள் ஊர் தனலட்சுமி ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியே வந்தாள். என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாடி செல்வி, யாருக்கு வேண்டுதல்?"

"ஷூட்டிங்டி. பேசாத போ."

"ஷூட்டிங்கா? ஹீரோ எங்க?"

"கால் கீழ."

அவள் குனிந்து பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் லெதர் செக்கிங்கில் இருந்தவள் நான். கட்டிங்குக்குப் போகும் முன்னால் ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாவற்றையும் கண்டுபிடிப்பதுதான் வேலை. எங்கள் செக்‌ஷனை மூடியதும் எட்டு மாசம் வீட்டில் சும்மா இருந்தேன். டிவி சீரியலில் நடிப்பவர்களின் புடவையில் எங்கே நூல் பிரிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திக் சார் ஒடுகத்தூர் டீக்கடையில் "நல்லா கண்ணு தெரியற ஆள் யாராவது வேணும்" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் என்னைக் கைகாட்டியிருக்கிறார். அப்படித்தான் நான் ஸ்பாட்டர் ஆனேன். ஸ்பாட்டர் என்றால், கேமரா வருவதற்கு முன்னால் பூச்சி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்பவர். இப்போது ஏழெட்டுப் படங்கள் ஆகிவிட்டன. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பதால், முதல் படத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

2. சில்வர் பென்

மலையடிவாரத்தில் உழாமல் கிடந்த கரம்பு நிலம் அது. கோடை மழை ரெண்டு பெய்ததும் முழங்கால் உயரத்துக்குப் புல் எழும்பியிருந்தது. பார்த்தால் வெறும் புல். உட்கார்ந்து பார்த்தால் வேலூர் பஸ் ஸ்டாண்டு. அவ்வளவு கூட்டம்.

இரண்டாம் நாள் கார்த்திக் சார், "நீங்க சும்மா நடந்து போய், எங்கெங்க என்ன இருக்குன்னு மார்க் பண்ணி வைங்கக்கா. நாங்க பின்னாடியே வர்றோம்" என்றார்.

மார்க் பண்ணு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கம்பெனியில் தோலில் எங்கே குறை இருந்தாலும் சில்வர் பென்னால் வட்டம் போடுவோம். கட்டிங் ஆள் அந்த வட்டத்தைத் தவிர்த்து வெட்டுவார். பழைய பென் இன்னும் என் பையில் இருந்தது. எருக்கஞ்செடி இலையில் வெட்டுக்கிளியா, ஒரு வட்டம். இலைக்கு அடியில் பட்டாம்பூச்சி முட்டையா, ஒரு வட்டம். பதினொரு மணிக்குள் நாற்பது வட்டம் போட்டுவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மத்தியானம் கார்த்திக் சார் காலையில் எடுத்ததை எல்லாம் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். வெயிலில் கேமராவின் சின்னத் திரையில் தெரியாதது அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா, இந்தப் புழுவைச் சுத்தி ஏன் வெள்ளையா ஒரு ரிங் இருக்கு?"

"நான் போட்டது சார். செக்கிங் மார்க்."

"இந்த வெட்டுக்கிளி?"

"அதுவும்."

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ணுகூட விடல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று காலை எடுத்தது முழுக்க வீணாய்ப் போனது. அன்றிலிருந்து வட்டத்துக்குப் பதில், பூச்சிக்கு இரண்டடி தள்ளி ஒரு குச்சி நட்டு வைக்கச் சொன்னார். சில்வர் பென்னை அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

3. கூடு

படத்தின் கிளைமாக்ஸ் கும்பிடுபூச்சி. முதல் வாரத்திலேயே ஒரு பெண் பூச்சி காய்ந்த தண்டு ஒன்றில் தலைகீழாகத் தொங்கி முட்டை வைத்ததை ஜான் முழுசாக எடுத்துவிட்டார். பற்பசை பிதுக்குவது மாதிரி நுரையைப் பிதுக்கும். நுரை காய்ந்து, புளியங்கொட்டை அளவில் கெட்டியான கூடாகிவிடும். மூன்று வாரத்தில் அதிலிருந்து நூறு குஞ்சுகள் நூல் பிடித்து இறங்கும். அந்த ஷாட் இல்லாமல் படத்தை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று, அதை வாங்கும் டிவி சேனலில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம்.

அதனால் ஆடுகள் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று கார்த்திக் சார் தனலட்சுமியிடம் பேசப் போனார். நானும் கூடப் போனேன்.

"ஒரு மாசம் ஆடுங்கள வேற எடத்துல மேய்ச்சுக்குங்கம்மா" என்றார் அவர்.

"ஏன்?"

"பூச்சிங்களுக்குத் தொந்தரவா இருக்கு."

"ஆடு வர்லன்னா புழுக்கை ஏது? புழுக்கை இல்லன்னா அன்னிக்கு இவ கால் கீழ இருந்த உங்க ஹீரோ எதை உருட்டுவாரு?"

கார்த்திக் சார் பூச்சியியலில் பெரிய படிப்பு படித்தவர். அவள் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசியில், கூடு இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் கயிறு கட்டிக்கொள்வது, மற்ற இடத்தில் ஆடு மேய்வது என்று முடிவானது. கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கேமராவையும் குச்சியில் கட்டிவைத்தார்கள். பூச்சி மிரளாமல் இருக்க அதன் லைட்டின் மேல் டேப் ஒட்டியிருந்தது. அது ஓடுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அணைத்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

காலை ஆறு மணியிலிருந்து கூட்டைப் பார்ப்பது என் டியூட்டி. லேசாக நிறம் மாறினாலும் போன் பண்ண வேண்டும். முட்டை வைத்த இருபத்தொன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். கூட்டின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால் எறும்பு வரும் என்று வேப்பமர நிழலுக்குப் போனேன். எலுமிச்சை சாதம். அஞ்சே நிமிஷம்தான்.

திரும்பி வந்தபோது கயிற்றுக்கு உள்ளே தனலட்சுமியின் கொம்பு உடைந்த ஆடு நின்றிருந்தது. என்னை நிதானமாகப் பார்த்தது. வாயிலிருந்து அரை விரல் நீளத்துக்குத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க அதுவும் உள்ளே போனது.

அதன் வாயைப் பிளந்து பார்த்தேன். அது இருமியது. அவ்வளவுதான்.

4. சொல்யூஷன்

எட்டு மாசத்துக்குப் பிறகு கிடைத்த வேலை. இரண்டு பேர் மூன்று வாரமாகக் குப்புறப் படுத்து எடுத்த படம். எல்லாம் ஒரு எலுமிச்சை சாதத்தால் போச்சு.

போனைக் கையில் எடுத்தேன். அப்போது ஞாபகம் வந்தது. ஓடைப் பக்கம் வேலியில் இதே மாதிரி இன்னொரு கூட்டைப் பத்து நாள் முன்பு பார்த்திருந்தேன். போனை உள்ளே வைத்தேன்.

ஓடிப்போய் தண்டோடு ஒடித்து வந்தேன். செருப்பு பிய்ந்தால் ஒட்டுவதற்கு என் பையில் எப்போதும் ஒரு ட்யூப் சொல்யூஷன் இருக்கும். ஆடு விட்டுவைத்திருந்த அடித்தண்டில் தடவி, ஊதி, காயவிட்டு, ஷூவுக்கு சோல் ஒட்டுகிற மாதிரி அழுத்திப் பிடித்துப் புதுத் தண்டை ஒட்டினேன். ஒட்டு தெரியாமல் மேலே புல்லைச் சுற்றிக் கட்டினேன். முக்கால் மணி நேரம் ஆனது. செக்கிங்கில் நானே பாஸ் பண்ணியிருப்பேன், அவ்வளவு நீட்டாக வந்திருந்தது.

பத்து மணிக்கு கார்த்திக் சார் வந்தார்.

"கூடு கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கே?"

"காத்து ஜாஸ்தி சார்."

அவர் மூக்கை உறிஞ்சினார். "இங்க ஏன் ஷூ கடை வாசனை வருது?"

"நான்தான் சார். இருபத்திரண்டு வருஷம். உடம்புல ஊறிப்போச்சு."

பாவம், என்னைப் பார்த்து இரக்கமாகத் தலையாட்டினார். அதுதான் எனக்கு ஆட்டைவிடப் பெரிய பேஜாராக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தக் கூட்டில் அசைவு தெரிந்தது. போன் பண்ணினேன். இருவரும் ஓடிவந்து கேமராவை வைத்தார்கள். கூட்டின் பக்கவாட்டில் குண்டூசி முனை அளவில் ஒரு ஓட்டை விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அதிலிருந்து பச்சையாக மின்னிக்கொண்டு ஏதோ வெளியே வந்தது. இறக்கையை நீவியது. பறந்துபோனது.

"சார், இது கும்பிடுபூச்சி இல்லியே" என்றேன்.

"குளவிக்கா!" அவர் குரல் உடைந்தது. "குளவி! கும்பிடுபூச்சி முட்டைக்குள்ள தன் முட்டையை வெச்சிட்டுப் போயிருக்கு. உள்ளேயே தின்னு வளர்ந்து வெளிய வருது. இதை யாரும் இவ்ளோ கிட்ட எடுத்திருக்க மாட்டாங்க!"

ஒன்றன்பின் ஒன்றாக முப்பதுக்கு மேல் வந்தன. ஒவ்வொன்றும் வாசலில் நின்று மீசையைத் துடைத்துக்கொண்டுதான் கிளம்பியது. ஜான் மூச்சுகூட விடவில்லை. முடிந்ததும் கார்த்திக் சார் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, படத்தில் வரப்போகும் பேச்சை ரெக்கார்டரில் சொல்ல ஆரம்பித்தார். "நம் கண்ணெதிரே ஒரு தாய் கட்டிய அதே கூடு. இருபத்திரண்டு நாட்கள் நாம் காவல் இருந்த அதே கூடு..."

கம்பெனியில் நான் பார்த்து அனுப்பும் ஒவ்வொரு தோல் கட்டின் மேலும் என் நம்பரை முத்திரை குத்துவேன். தப்பான கட்டின் மேல் ஒருநாளும் குத்தியதில்லை. இரண்டாவது 'அதே'வில் நான் குறுக்கே பேசிவிட்டேன்.

"அது இந்தக் கூடு இல்ல சார்."

"என்னக்கா?"

"அந்தக் கூடு ஆட்டு வயித்துல இருக்கு. இது வேலியில இருந்தது. நான்தான் சொல்யூஷன் போட்டு ஒட்டினேன்."

ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து புல் கட்டைப் பிரித்து, ஒட்டை முகர்ந்து பார்த்தார்.

மூன்று வாரத்தில் ஜான் என்னிடம் மொத்தம் பத்து வார்த்தை பேசியிருப்பார். அவர்தான் இப்போது வாயைத் திறந்தார். "சின்ன கேமரா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நிமிஷத்துக்கு ஒரு போட்டோ. இன்னும் கார்டை எடுக்கல."

கார்டை லேப்டாப்பில் போட்டு, முந்தின நாள் எட்டு மணிக்கு ஓட்டினார்கள். முதல் போட்டோவில் கூடு. அடுத்ததில் கூட்டுக்குப் பின்னால் தாடி. அடுத்ததில் திரை முழுக்க ஒரு மூக்குத் துவாரம். அடுத்தது நாக்கு. அடுத்தது வெறும் வானம். அதற்கப்புறம் வரிசையாக நாற்பத்தைந்து போட்டோவில் நான். பல்லில் ட்யூபைக் கடித்துக்கொண்டு, கண் இரண்டும் வெளியே வந்துவிடுவது போல.

கார்த்திக் சார் அதை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"இந்த ஆட்டுக்குப் பேர் இருக்கா?"

"கலெக்டர்னு பேரு சார். எல்லா எடத்தையும் உள்ள பூந்து பார்வையிடும்."

அவர் லேப்டாப்பை மூடினார். கோபம் இருந்தது, எனக்குத் தெரிந்தது. "நேத்தே ஒரு போன் பண்ணியிருக்கலாம்க்கா. நான் கத்தியிருப்பேன். கத்தி முடிச்சிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து வேலியிலயே கேமராவை வெச்சிருப்போம். இப்போ இந்த ஷாட்டை வெச்சுக்கிட்டு நான் பொய் சொல்லணும், இல்லன்னா உங்களைக் காட்டணும்."

"என்னையே காட்டுங்க சார்" என்றேன்.

5. கல்யாண மண்டபம்

காட்டினார். படம் முடிந்து, குஞ்சு ஷாட்டுக்குப் பதில் குளவி ஷாட் போதும் என்று சேனலும் எடுத்துக்கொண்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒடுகத்தூர் கல்யாண மண்டபத்தில் திரை கட்டி ஊருக்குப் போட்டார். வண்டு வந்தபோது பேசாமல் பார்த்தார்கள். "இந்தக் கூட்டை ஒரு ஆடு தின்றுவிட்டது. அடுத்து நீங்கள் பார்ப்பது வேறொரு கூடு" என்று கார்த்திக் சார் குரல் வந்து, கலெக்டரின் மூக்கு திரையை நிறைத்தபோது மண்டபமே விசிலடித்தது. அதற்கப்புறம் நான் வந்தேன், சுவர் அளவுக்கு.

"இன்னா, பல் வௌக்கறியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

தனலட்சுமிக்கு மட்டும் வருத்தம். "என் ஆட்டைத் திருடன் மாதிரி காட்டிட்டாங்களே" என்று ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அடுத்த படத்துக்குக் கலெக்டர் ஃப்ரீயாகத்தான் இருக்கிறது என்று சொல்லியனுப்பினாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பூச்சி வேலையில் தப்பு நடக்காமல் இருக்காது. அஞ்சு நிமிஷத்தில் நடந்த தப்பை மூட எனக்கு முக்கால் மணி நேரமும், ஒரு நாள் முழுக்கப் பயமும் செலவானது. சொல்லியிருந்தால் ரெண்டு நிமிஷத் திட்டோடு போயிருக்கும். உடனே சொல்லிவிடுங்கள்.

போன வாரம் அணைக்கட்டுப் பக்கம் வேறொரு டைரக்டரின் ஷூட்டிங். நாலு நாளாகப் பார்த்து வைத்திருந்த, எறும்பு பிடிக்கும் குழியானைப் பூச்சியின் மணல் குழி மேல் என் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டேன். பையை எடுப்பதற்கு முன்னாலேயே போன் பண்ணினேன். அவர் மூன்று நிமிஷம் திட்டினார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே மணலில் வேறு குழி தேடினேன். அவர் முடிப்பதற்குள் கிடைத்துவிட்டது.