பெயர் கேட்ட பிரிண்டர்

எண்பதுகளின் கடைசியில் எனக்கு இருபத்து மூன்று வயது. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். கணினி விற்பது அவர்கள் வேலை. விற்றதை ஓட வைப்பது என் வேலை. வீடு ஆவடியில், அப்பாவுக்குக் கொடுத்த ஃபாக்டரி குவார்ட்டர்ஸில். அதனால் பூந்தமல்லிப் பக்கம் எந்த வேலை வந்தாலும் "உனக்குத்தான் பக்கம்" என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். பக்கம்தான். பஸ் வந்தால்.

அப்படிக் கட்டியதில் ஒன்று, பூந்தமல்லியைத் தாண்டி லாரிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் ஒரு தொழிற்சாலை. யூனிக்ஸ் ஓடும் கணினி ஒன்று அங்கே வந்து இறங்கியிருந்தது. மூளை ஒன்றுதான், அதிலிருந்து கேபிள் இழுத்து நான்கு மேசைகளில் திரையும் கீபோர்டும் வைக்க வேண்டும். டெர்மினல் என்போம். ஐந்தாவது கேபிள் முற்றத்தைக் கடந்து, வெல்டிங் கொட்டகை வழியாக, ஸ்டோர்ஸில் இருக்கும் பிரிண்டருக்குப் போக வேண்டும். மாலை நான்கு மணிக்கு முதலாளி வருவார். அவர் கண் முன்னால் பிரிண்டரில் டெலிவரி சலான் அச்சாகி வர வேண்டும்.

முதல் டெர்மினல் டெஸ்பாட்ச் மேசைக்கு. அங்கே இருந்த அக்காவுக்குக் காட்டுப்பாக்கத்தில் சொந்த வீடு, இரண்டு எருமை, அதற்கு மேல் இந்த உத்தியோகம். சுவிட்சைப் போட்டதும் திரை முழுக்கப் புள்ளியும் கோடுமாக ஏதேதோ ஓடியது.

"இன்னா பாப்பா இது, கோழி கிளறின மாரி கீது?"

கணினி ஒரு வேகத்தில் பேச, டெர்மினல் வேறொரு வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தேன். கிளறல் நின்று, 'லாகின்:' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை வந்தது. அங்கே பெயரைத் தட்ட வேண்டும். அடுத்து 'பாஸ்வேர்ட்:' என்று கேட்கும். இரண்டும் சரியாக இருந்தால் உள்ளே விடும். இல்லாவிட்டால் 'லாகின் இன்கரெக்ட்' என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து கேட்கும்.

எந்தெந்தக் கேபிளில் இந்தக் கேள்வி போக வேண்டும் என்று ஒரு கோப்பில் வரிசையாக எழுதியிருக்கும். கேபிளுக்கு ஒரு வரி. மற்ற மூன்று டெர்மினல்களுக்கும் ஒவ்வொரு வரியாகத் திருத்தச் சோம்பல்பட்டு, ஒரே கட்டளையில் எல்லா வரிகளையும் மாற்றிவிட்டேன். அந்த வரிகளுக்குள் பிரிண்டருடைய வரியும் இருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை. பசி. டிபன் டப்பாவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

பாதித் தயிர் சாதத்தில் அக்கா ஓடி வந்தார்.

"பாப்பா, நீ இங்க சோறு துன்னுகினு கீற. அங்க உன் மிசினு பெரியவரப் பேர் கேட்டே உசுர எடுக்குது."

"எந்த மெஷின்?"

"பிரிண்டருதான்."

"பிரிண்டர் எப்படிக்கா பேர் கேட்கும்?"

"கேக்குதே. அவரும் எழுதிகினே கீறாரு." கையில் இருந்த ஒரு ஃபைலை நீட்டினார்.

பெரியவர் என்றால் ஸ்டோர்ஸ் சூப்பிரண்டு. தென்காசிப் பக்கத்துக்காரர். ஆவடி ஃபாக்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டோர்ஸ் பார்த்து ரிட்டயர் ஆகி, இங்கே வந்து சேர்ந்தவர். சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. கோடு விட்ட இடத்தை நிரப்பாமல் விட்டதாக அவர் சர்வீஸில் ஒரு பதிவும் கிடையாது.

ஃபைலில் பிரிண்டர் தாள்களைக் கிழித்து, துளை போட்டு, டேக் கட்டியிருந்தார். முதல் தாளில் 'லாகின்:' என்று அச்சாகியிருந்தது. அதன் எதிரே நீல மையில், முத்து முத்தாக அவர் பெயர். அடுத்து 'பாஸ்வேர்ட்:'. பாஸ் என்பதைக் கேட் பாஸ் என்று எடுத்துக்கொண்டு நம்பரை எழுதியிருந்தார். அடியில் 'லாகின் இன்கரெக்ட்'.

இரண்டாவது தாளில் இனிஷியலை விரித்து ஊர், தாத்தா பெயர், அப்பா பெயர் எல்லாம் எழுதியிருந்தார். கேட் பாஸ் நம்பருக்குப் பக்கத்தில் 'புதுப்பிக்கப்பட்டது' என்று குறிப்பு. இன்கரெக்ட். மூன்றாவதில் பதவி, பழைய பதவி. இன்கரெக்ட். நான்காவதில் சிவப்பு மைக்கு மாறி, 'மேலே பார்க்கவும்'. ஐந்தாவதில் 'முன்பே சமர்ப்பிக்கப்பட்டது'. எல்லாவற்றுக்கும் மேலே எனக்கு ஒரு மெமோ: 'என் பெயர் மிஷினில் தவறாகப் பதிவாகியுள்ளது. உடனே சரிசெய்து தெரிவிக்கவும்.'

தயிர் சாதம் மூக்கில் ஏறும்வரை சிரித்தேன். ஆனால் பிரிண்டரில் கீபோர்டே கிடையாது. யாரும் எதையும் தட்டாமல் இரண்டாவது கேள்வி எப்படி வந்தது? காரணம் வெல்டிங் கொட்டகை. அங்கே பொறி பறக்கும்போதெல்லாம் பக்கத்தில் போன என் கேபிளில் மின்சாரம் துள்ளி, கீ தட்டியது போலக் கணினிக்குப் போனது. யாரோ பெயரைத் தட்டிவிட்டார்கள் என்று நம்பி, கணினி பாஸ்வேர்ட் கேட்டது. இன்னொரு பொறி பறந்ததும், தப்பு என்று திட்டியது. ஒருவர் வெல்டிங் அடிக்க, ஒருவர் பேர் எழுத, கணினி இருவரையும் ஒரே ஆளாக நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தது.

கேள்வி கேட்ட புரோகிராமைக் கொன்றேன். அடுத்த நொடியே அது மறுபடி பிறந்தது. செத்தால் திரும்பப் பிறக்க வேண்டும் என்று அந்தக் கோப்பின் வரியிலேயே எழுதியிருக்கிறது, எழுதியது நானேதான். அது நினைவுக்கு வருவதற்குள் மூன்று முறை கொன்றிருந்தேன். கடைசியில் வரியைத் திருத்தி அடக்கிவிட்டு ஸ்டோர்ஸுக்கு ஓடினேன்.

"சார், அது உங்களைக் கேட்கலை" என்றேன்.

"எம் மேசைலதாம்மா கேட்டுச்சு. பின்னே வேற யாரைக் கேட்டுச்சு?"

"யாரையும் கேட்கலை சார். நான்தான் தப்பா..."

"கேள்வின்னு ஒண்ணு வந்துட்டா பதில் எழுதணும்லா? எழுதுனேன். இத்தனை வருச சர்வீஸ்ல எவனும் என்னை இன்கரெக்ட்டுன்னு சொன்னது கிடையாது."

மணி மூன்று தாண்டியிருந்தது. கணினி அறைக்குத் திரும்பிச் சோதனைக்கு ஒரு சலானை அனுப்பினேன். ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கி, மாடிப்படியில் இறங்குவது போல இறங்கி, தாளுக்கு வெளியே போய்விட்டதாம். வரி முடிந்ததும் அச்சடிக்கும் தலையை இடது ஓரத்துக்குத் திருப்பு என்று பிரிண்டருக்குச் சொல்லாமல் விட்டிருந்தேன். அதைச் சரிசெய்வது கணினி அறையில். விளைவைப் பார்ப்பது ஸ்டோர்ஸில். நடுவே முற்றத்தில் அக்கா நின்று, எருமையை ஓட்டும் குரலில் செய்தி சொன்னார்.

"நேரா வந்துச்சாக்கா?"

"இல்ல பாப்பா, படிக்கட்டாவே கீது!"

"இப்ப?"

"வரிக்கு வரி எடம் வுட்டுகினு வருது!"

"இப்ப பாருங்க!"

பிறகு, "வந்துட்ச்சு! கோடு போட்ட மாரி நேரா வந்துட்ச்சு!"

நான்கு மணிக்கு முதலாளி வந்தார். சலான் நேராக வந்தது. அவர் அதைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ம்" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. அவர் கார் கேட்டைத் தாண்டியதும் சூப்பிரண்டு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சரிம்மா. எம் பேரு?"

அவர் பெயரில் ஒரு கணக்கு திறந்து, கேட் பாஸ் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டு, டெஸ்பாட்ச் டெர்மினலில் உட்கார வைத்தேன். அப்ளிகேஷன் ஃபாரம் நிரப்பிய பழக்கம். கேப்ஸ் லாக்கை அழுத்தி, ஒரே விரலால், பெயரைப் பெரிய எழுத்தில், அதாவது ஆங்கில கேப்பிட்டலில் தட்டினார். உள்ளே விட்டது. அது மட்டுமல்ல, அதற்குப் பிறகு திரையில் வந்த ஒவ்வொரு வார்த்தையும் பெரிய எழுத்திலேயே வந்தது.

சில பழைய டெர்மினல்களில் சின்ன எழுத்தே கிடையாது. யாராவது பெயரைப் பெரிய எழுத்தில் தட்டினால், பாவம், இவருடையது அந்த மாதிரி ஓட்டை டெர்மினல் என்று யூனிக்ஸ் இரக்கப்பட்டு, தானும் பெரிய எழுத்தில் பேசும்.

"பாத்தியாம்மா, மரியாதை தெரிஞ்சிருக்கு" என்றார் சூப்பிரண்டு.

ஆமாம் சார் என்றேன். சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆவடி பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.

அடுத்த வாரம் வேறு வேலையாகப் போனபோது அக்கா வழி மறித்தார்.

"இன்னா பாப்பா நாயம் இது? அவருக்குன்னா பெரிய பெரிய எழுத்தா வருது. எங்களுக்கு இன்னாத்துக்கு சின்ன எழுத்து? நாங்க மட்டும் சும்மாவா வேல செய்றோம்?"

நியாயமான கேள்வி. கேப்ஸ் லாக்கைக் காட்டிக்கொடுத்தேன். அன்று மாலைக்குள் நான்கு டெர்மினல்களிலும் பெரிய எழுத்துத்தான்.

ஒரு மாதம் கழித்து எங்கள் சீனியர் இன்ஜினியர் அங்கே போய், எல்லாத் திரைகளும் இப்படிப் பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து மிரண்டு, பாதி நாள் கேபிள்களைக் கழற்றிக் கழற்றிச் சோதித்தார் என்று கேள்விப்பட்டேன். அன்று நான் லீவு.